கடைமடைக்கு வந்தவள்

"அத்த, புள்ள எங்கேருந்து வருது?"

நீலாம்பாளின் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். குளத்திலிருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். கேள்வி கேட்ட வேம்பு ஒரு சொம்போடு பின்னாலேயே வந்தாள். சொம்பில் பாதித் தண்ணீர். மீதிப் பாதி அவள் பாவாடையில்.

"ஒங்கம்மாவக் கேளு."

"அம்மா ஒன்னயக் கேக்கச் சொல்லுச்சு."

"ஒங்கப்பனக் கேளு."

"அப்பா அம்மாவக் கேக்கச் சொல்லுச்சு."

"அப்ப சங்கத்து மாமாவக் கேளு. அவருகிட்டதான் எல்லாத்துக்கும் பதிலு இருக்கு."

"கேட்டேன்."

நீலாம்பாள் வரப்பில் நின்றுவிட்டாள். "கேட்டியா! என்னடி சொன்னாரு?"

"நல்ல கேள்வி, இப்படித்தான் எல்லாத்தையும் ஏன் எதுக்குன்னு கேக்கணும்னாரு. அப்பறம் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. அப்பறம் ஒங்கத்தையக் கேளுன்னாரு."

சங்கத்து மாமா என்பது கலியபெருமாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு வருவதற்கு முன்னால் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பகுத்தறிவு பேசியவர். பேய் இல்லை, சகுனம் இல்லை என்று மேடையில் அடித்துப் பேசுகிறவர். அந்த மனிதரை ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று துண்டை உதற வைத்துவிட்டதை நினைத்து நீலாம்பாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைக்குடம் ஆடித் தண்ணீர் சிந்தியது. சிரிப்பை அப்படியே நிறுத்திக்கொண்டாள். தண்ணீர் சிந்தக்கூடிய காலமா அது?

வேம்பு அவளுடைய தம்பி மருதையனின் மகள். மருதையனின் மனைவி அம்சம் நிறைமாதமாக, இப்பவோ அப்பவோ என்றிருந்தாள். கீழத்தெருவில் யாருக்கு வலி எடுத்தாலும் நீலாம்பாளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவள் அவள். அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. எந்தப் பதிலைச் சொல்வது என்பதுதான் யோசனை.

"ஆத்துலேருந்து," என்றாள்.

"ஆத்துலேருந்தா?"

"பின்ன? ஆடி மாசம் காவேரிக்கு மசக்கை. அதுக்குத்தான பதினெட்டாம் பெருக்கன்னிக்குப் புளிச்சோறு படைக்கிறோம். மசக்கைக்காரிக்குப் புளிப்பு கேக்கும். காதோலை கருகமணியெல்லாம் தண்ணியில வுடறோம்ல, அவளுக்கு வளையல் போடறாப்புலதான் அது. அவ ஊருபட்ட புள்ளையச் சொமந்துக்கிட்டு வர்றா. இந்த ஊருக்கு ஒண்ணு, அந்த ஊருக்கு ரெண்டுன்னு எறக்கி வுட்டுட்டுக் கடலுக்குப் போயிடுவா."

"அப்ப அம்மா வயிறு ஏன் பெருசா இருக்கு?"

"தண்ணி வர்றதுக்கு முந்தி கொளத்தத் தூரு வாரி ஆழம் பண்றாங்கல்ல? அதுமாரி. ஒங்கம்மா எடம் பண்ணி வெச்சிருக்கா."

"ஆடு வயித்துலேருந்துதான குட்டி போடுது? நான் பாத்தேனே."

"ஆட்டுக்கு ஏதுடி ஆறு? அது தண்ணியக் கண்டாலே ஓடும்."

வேம்பு அதை ஒப்புக்கொண்டாள். ஆனால் இன்னொன்று உறுத்தியது. "நான் மாசியில பொறந்தேன்னு அம்மா சொல்லுச்சே. மாசியில வாய்க்கா காஞ்சுல்ல கெடக்கும்?"

"நீ ஆடியிலயே வந்துட்ட. வழியில எங்கயோ வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுட்ட. இப்பவும் அப்படித்தான நிக்கிற? நட, நட."

நாற்றங்கால் வந்துவிட்டது. நீலாம்பாள் குடத்தைச் சரித்தாள். வெடித்திருந்த சேறு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்துகொண்டது. வேம்பு தன் சொம்பையும் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டுக் கிழக்கே பார்த்தாள். அவர்கள் வயலுக்கு வருகிற கீழ வாய்க்கால் நத்தைக்கூடும் மணலுமாக வெயிலில் கிடந்தது.

"அத்த."

"என்னடி இன்னம்?"

"நம்ம வாய்க்கால்லதான் தண்ணியே வரலையே. தம்பி எப்படி வருவான்?"

எத்தனையோ பிரசவத்தைத் தாண்டி வந்த நீலாம்பாள் இந்த இடத்தில் கால் வழுக்கிவிட்டாள்.

தண்ணீர் வராததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். தை மாதம் பண்ணையார் சாரங்கபாணியிடமிருந்து உபரி நிலம் என்று கொஞ்சத்தைச் சர்க்கார் எடுத்துக் கீழத்தெருக் குடும்பங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. காலமெல்லாம் அவருடைய வயலில் நட்டவர்கள். முதன்முதலாகத் தங்கள் வயலில் தாங்களே நடப் போகிறார்கள். குறுவைக்கு நாற்று விட்டார்கள். ஆற்றில் அந்த வருஷம் தண்ணீர் பிந்தி வந்தது. வந்த தண்ணீர் பெரிய வாய்க்காலில் ஓடி வந்து, கீழ வாய்க்கால் பிரிகிற மதகில் நின்றுவிட்டது. மதகு இருப்பது சாரங்கபாணியின் தோப்புக்குள். அவர் பலகையை இறக்கி, இடுக்கில் களிமண் அப்பி, காத்தானைக் காவலுக்கு உட்கார்த்திவிட்டார்.

"சர்க்கார் நெலத்தக் கேட்டுச்சு, குடுத்துட்டேன். தண்ணியக் கேக்கலையே," என்றார்.

நாற்று முற்றிக்கொண்டிருந்தது. முற்றிய நாற்றைப் பிடுங்கி நட்டால் கதிர் வராது. நடாமல் தரிசு போட்டால் பட்டாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள விதி இருந்தது. அது சாரங்கபாணிக்கும் தெரியும். அதனால்தான் கீழத்தெருப் பெண்கள் குளத்துத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு நாற்றை உயிரோடு வைத்திருந்தார்கள். குளத்திலும் சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது.

இதையெல்லாம் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? "வரும்டி, வரும்," என்றாள் நீலாம்பாள். "தாசில்தார் வர்றாராம். வந்து தொறந்து வுடுவாரு."

"அதுக்குள்ள தம்பி தாண்டிப் போயிட்டான்னா?"

நீலாம்பாள் குடங்களை எடுத்துக்கொண்டு குளத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று மத்தியானம் வேம்பு கீழ வாய்க்காலுக்குள் இறங்கி, புங்கமர நிழல் விழுந்த இடத்தில் மணலில் காதை வைத்துப் படுத்தாள். தண்ணீர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் மணலுக்கு அடியில் வரும் என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். மணல் மேலே சூடு, கொஞ்சம் தோண்டினால் குளுமை. காற்றில் புங்க இலை ஒன்றையொன்று உரசியது. எங்கேயோ ஒரு செம்போத்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிடுகிற சத்தம் தூரமாகி, கிட்டே வந்து, பிறகு அது பறவைதானா என்பதே தெரியாமல் போயிற்று.

மேற்கிலிருந்து ஒருத்தி நடந்து வந்தாள். நனைந்த மஞ்சள் புடவை. கரைக்குக் கரை அகலமாக இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். அவள் முந்தானை நுரை நுரையாக இழுபட்டு வந்தது. நுரை மேல் பிள்ளைகள். ஒன்று வாழைமட்டையில் குந்தியிருந்தது. ஒன்று தேங்காய் மட்டையில் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு வந்தது. ஒன்று ஆகாயத்தாமரை இலையைத் தலைக்குப் போட்டிருந்தது. ஒன்றும் அழவில்லை. வண்டியில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டே வந்தன.

"ஏ வேம்பு!"

"யாரு?"

"நாந்தான்."

"தம்பியா? எங்க இருக்க?"

"மதகாண்ட. கதவு சாத்தியிருக்கு. தட்டுனேன். காத்தான் மாமா யாருன்னு கேட்டாரு."

"மருதையன் மவன்னு சொல்ல வேண்டியதுதான?"

"பேரு சொன்னாதான் வுடுவேன்னுட்டாரு. எனக்குத்தான் இன்னம் பேரு வெக்கலையே."

"அங்கயே நில்லு. நான் வர்றேன்."

"நிக்க முடியல. பின்னாலேருந்து தள்ளுறாங்க. இந்தாண்ட ஒரு வாய்க்கா தொறந்துதான் இருக்கு. அதுல போவட்டுமா?"

"போவாத! அது பண்ணையூட்டு வாய்க்கா!"

"அங்க என்ன சோறு?"

வேம்பு பொய் சொல்லத் தெரியாதவள். "சுடுசோறு. மூணு வேளையும்."

"அப்படியா," என்றது குரல். கொஞ்சம் யோசிப்பது போல இருந்தது.

வேம்பு திடுக்கென்று எழுந்தாள். கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. மணலைத் தட்டிவிடக்கூட நிற்காமல் பண்ணை வாய்க்காலைப் பார்த்து ஓடினாள்.

பண்ணை வீட்டுக் கொல்லையில் வாய்க்காலுக்குப் படித்துறை கட்டியிருந்தது. தண்ணீர் கலங்கலாக நிறைந்து ஓடியது. படியில் சாரங்கபாணியின் மகள் சுந்தரி காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்து நாவல்பழம் தின்றுகொண்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தவள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். வேம்பு அக்கரையிலேயே நின்றாள். இக்கரைக்கு வரக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனாலும் தெரியும்.

"அக்கா, ஒரு புள்ள இந்தப் பக்கம் வந்துச்சா?"

"எந்தப் புள்ள? காணாமப் போயிடுச்சா?"

"இன்னம் போவல. போயிடும்போல இருக்கு. எங்க தம்பி."

சுந்தரி கொட்டையைத் துப்பினாள். "எவ்வளவு பெரிய தம்பி?"

"இன்னம் வரவே இல்லக்கா. தண்ணியில வரணும்." வேம்பு அவள் வயிற்றைப் பார்த்தாள். "நீங்களும் எடம் பண்ணியாச்சு போல."

சுந்தரிக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் வளையலெல்லாம் குலுங்கச் சிரித்தாள். வீட்டுக்குள்ளிருந்து "என்னடி அங்க சிரிப்பு?" என்று அம்மா குரல் வந்தது. "ஒண்ணுமில்லம்மா," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆமாம், பண்ணியாச்சு. ஒங்க தம்பி இங்க ஏன் வர்றான்? ஒங்க வாய்க்கால் இருக்கே?"

"அதுல ஒங்கப்பா பலகை போட்டுட்டாருல்ல?"

சுந்தரியின் சிரிப்பு நின்றது. தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருந்த காலும் நின்றது.

"தவறி வந்துட்டான்னா எடுத்து வெச்சிருங்கக்கா," என்றாள் வேம்பு. "அடையாளம் சொல்றேன். எங்கப்பா காதுமாரி இருக்கும். வெளிய நீட்டிக்கிட்டு. பாத்த ஒடனே தெரியும்."

"சரி. எடுத்து வெக்கிறேன். அழுதா பால் குடுக்கட்டுமா?"

வேம்பு யோசித்தாள். "குடுங்க. ஆனா பழக்கிடாதீங்க."

அன்று சாரங்கபாணி இலையில் உட்கார்ந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, கீழத்தெருப் புள்ள ஒண்ணு நம்ம வாய்க்கால்ல மாறி வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"என்னம்மா பேச்சு இது? மோரை ஊத்து."

"இல்லப்பா, கேக்கறேன். நாளன்னிக்குப் பெருக்கு. எனக்காக அம்மா ஆத்துல கருகமணி வுடப் போறாங்க. மேல காவேரியக் கும்புட்டுட்டு இங்க அவ வாயை அடைச்சு வெச்சிருக்கமே, அதான்."

சாரங்கபாணி மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தாசில்தார் ஜெகபர் அலி ஜீப்பில் வந்து தோப்பில் இறங்கினார். மதகுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் அவர், ஒன்றில் சாரங்கபாணி. கீழத்தெரு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். அம்சம் மட்டும் வரவில்லை.

"நெலம் இவுங்க பேர்ல பட்டா ஆயிடுச்சு," என்றார் தாசில்தார். "தண்ணிய ஏன் நிறுத்தியிருக்கீங்க?"

"வாய்க்கால் எங்க தோப்புல போவுது சார். மதகு எங்கப்பா கட்டுனது. பலகை எங்க மரம். இதுல எதை சார் சர்க்கார் எடுத்துக்கிச்சு?"

"நாத்து முத்திக்கிட்டு இருக்கு சார்," என்றார் கலியபெருமாள். "இன்னம் நாலு நாள் போனா அது மாட்டுக்குத்தான் ஆவும். அதுக்குத்தான் இவரு காத்துக்கிட்டு இருக்காரு."

"யோவ், மரியாதையாப் பேசு."

"எது மரியாதை? தண்ணிய அடைக்கிறதா?"

தாசில்தார் இரண்டு கையையும் தூக்கினார். "இருங்க, இருங்க. வாய்க்கால் யாருதுன்னு பொதுப்பணித்துறைக்கு எழுதிக் கேக்கறேன். அவுங்க அளந்து பாத்துப் பதில் போடட்டும்."

"எப்ப போடுவாங்க?" என்று மருதையன் கேட்டான்.

"ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆவும்."

சாரங்கபாணி வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். மருதையன் தரையைப் பார்த்தான். குடம் சுமந்து சுமந்து காய்த்துப்போன தலையை நீலாம்பாள் தடவிக்கொண்டாள். பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் முட்டி முட்டித் திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வேம்பு கால்களுக்கு இடையில் புகுந்து நடுவில் வந்து நின்றாள்.

"அய்யா, பலகையத் தூக்குங்க. எங்க தம்பி நிக்க முடியலங்கறான்."

"வேம்பு, இங்க வா!" என்று மருதையன் அதட்டினான்.

தாசில்தார் குனிந்தார். "எந்தத் தம்பி பாப்பா?"

"தண்ணியில வர்ற தம்பி. எங்க வாய்க்கா அடைச்சிருக்குன்னா, இவுங்க வூட்டு வாய்க்கால்ல போயிடுவான். அங்க சுந்தரியக்கா எடம் பண்ணி வெச்சிருக்கு. அங்க எறங்கிட்டான்னா?" சாரங்கபாணியின் பக்கம் திரும்பினாள். "எங்க தம்பி ஒங்க வூட்லயே வளருவான். ஒங்க வூட்டுக் கட்டில்லதான் படுப்பான். ஒங்களத்தான் தாத்தான்னு கூப்புடுவான். திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

சாரங்கபாணியின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அடையாளம்கூட சுந்தரியக்காகிட்ட சொல்லியாச்சு," என்றாள் வேம்பு. "எங்கப்பா காதுமாரி இருக்கும்."

தாசில்தார் மருதையனின் காதைப் பார்த்தார். நீட்டிக்கொண்டுதான் இருந்தது. மருதையன் இரண்டு காதையும் துண்டால் மூடிக்கொண்டான்.

"ஏ குட்டி!" சாரங்கபாணி எழுந்தே விட்டார். "யாரு ஒனக்குச் சொன்னது? புள்ள ஒண்ணும் தண்ணியில வராது!"

"அப்ப எதுல வரும்?"

சாரங்கபாணி வாயைத் திறந்தார். எதிரில் தான் ஏவி வேலை வாங்கிய பெண்களெல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் மரியாதையாக, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் தாசில்தாரைப் பார்த்தார். "சார், நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க."

"நான் ரெவின்யூ சார்," என்றார் ஜெகபர் அலி. "இது சுகாதாரத்துறை."

"யோவ் கலியபெருமாள், மேடையில நல்லாப் பேசுவியே..."

கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தென்னை மரத்தில் காய் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க ஆண்..." என்று ஆரம்பித்த நீலாம்பாள், கலியபெருமாள் செருமியதும் நிறுத்தினாள். சங்கம் வந்த பிறகு பண்ணையாரை ஆண்டே என்று யாரும் சொல்வதில்லை. "சொல்லுங்கய்யா. நாங்களும் தெரிஞ்சுக்கறோம். இத்தினி புள்ளைய வாங்கிப் போட்டிருக்கேன், எதுல வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

அடக்கி வைத்திருந்த சிரிப்பு ஒரு பெண்ணிடமிருந்து உடைந்தது. அப்புறம் எல்லோரிடமிருந்தும். ஜீப் டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

வேம்பு மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "ஒங்களுக்குத்தான் தொறந்து வெச்சிருக்கே," என்றாள். "ஒங்களுக்கு ஒண்ணு வரும்ல? எங்களுத எங்ககிட்ட வுட்டுடுங்களேன்."

சிரிப்பு நின்றுபோயிற்று. சாரங்கபாணி அந்தக் குழந்தையைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். வீட்டில் மோர்ச்சோற்றுக்கு முன்னால் கேட்ட குரல் ஞாபகம் வந்ததோ என்னவோ, வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் சொன்னார்.

"காத்தான், தூக்குடா பலகைய."

"அய்யா?"

"தூக்குடாங்கறேன். தற்காலிகமாத்தான். அளந்து பதில் வர்ற வரைக்கும்."

"இந்த முடிவு நல்ல முடிவு," என்று தாசில்தார் அவசரமாக எழுந்தார். "பதில் வர்ற வரைக்கும் யாரும் பலகை இறக்கக் கூடாது. எல்லாருக்கும் முன்னாடி சொல்லியாச்சு. பாப்பா, போதுமா?"

"இன்னம் தூக்கலையே," என்றாள் வேம்பு.

காத்தான் களிமண்ணைச் சுரண்டினான். மருதையனும் போய்க் கை கொடுத்தான். பலகை முதலில் முனகியது. பிறகு அடியில் ஒரு விரல் இடைவெளி. அதில் தண்ணீர் நாக்கை நீட்டியது.

காய்ந்த வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடி வருவதில்லை, நடந்துதான் வரும். முன்னால் ஒரு விளிம்பு நுரையும் சருகும் செத்தையுமாக வரும். எறும்பு புற்றை விட்டு மேலே ஏறும். மணல் ஒரு பெருமூச்சு விட்டுக் கருக்கும். பள்ளம் வந்தால் தண்ணீர் நின்று, நிறைந்து, யோசித்து, அப்புறம் அடுத்த அடி வைக்கும். தெருப் பிள்ளைகள் எல்லாம் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்து, வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். வேம்பு கூப்பிடவில்லை. கரையோடு கூடவே நடந்து ஒவ்வொரு நுரைக்குமிழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வாழைமட்டை வந்தது. குனிந்து புரட்டிப் பார்த்தாள். ஒரு தவளை குதித்தது.

"நீ இல்ல," என்றாள் அதனிடம். "பின்னால வர்றியா தம்பி?"

நுரை படபடவென்று உடைந்தது. வர்றேன் என்று சொன்ன மாதிரிதான் இருந்தது.

மறுநாள் பதினெட்டாம் பெருக்கைக் கீழத்தெருக்காரர்கள் ஆற்றுக்குப் போய்க் கும்பிடவில்லை. தங்கள் வாய்க்காலிலேயே கும்பிட்டார்கள். அம்சம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்தாள். புளிச்சோற்றை இலையில் வைத்துத் தண்ணீரில் விட்டார்கள். இலை சுற்றிச் சுற்றி அவர்கள் வயல் பக்கமாகவே போயிற்று.

"பாவம், பசியோட வந்திருப்பா," என்றாள் அம்சம்.

"அடைச்சு வெச்சா பசிக்காதா?" என்றாள் நீலாம்பாள்.

நாற்று முற்றுவதற்குள் நட்டார்கள். தங்கள் வயலில் தாங்கள் நடுகிறபோது கை ஏனோ மெதுவாகப் போகிறது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நடவு முடிந்து பயிர் வேர் பிடித்துப் பச்சை திரும்பிய நாளில் அம்சத்துக்கு வலி எடுத்தது.

"நீ போய் வாய்க்கால்ல பாரு," என்று நீலாம்பாள் வேம்பை வெளியே அனுப்பினாள். "வருதான்னு பாத்துக்கிட்டே இரு. கண்ண எடுக்காத."

வேம்பு போய் உட்கார்ந்தாள். தண்ணீர் கரை தொட்டு, வெயிலைச் சில்லுச் சில்லாக உடைத்துக்கொண்டு போயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் நின்றது, கரைதான் நகர்ந்தது. அவளும் புங்கமரமும் வயலும் எல்லாம் மேற்கே, ஆறு பிறக்கிற மலையைப் பார்த்து மெல்லப் போய்க்கொண்டிருந்தன. மஞ்சள் புடவைக்காரி எங்கேயோ தூரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, "ஒங்க வூடு எதுடி?" என்றாள். "கடைசி வூடு," என்றாள் வேம்பு. "அப்பவே நெனச்சேன், இவ்வளவு தூரம் சொமந்து கை வலிக்குதேன்னு," என்றாள் அவள்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு அழுகை வந்தது.

வேம்பு விழுந்தடித்து ஓடினாள். "நான் பாத்துக்கிட்டுத்தான அத்த இருந்தேன்? எப்ப போனான்?"

"நீ கண்ண சிமிட்டுன நேரத்துல."

"தம்பி எங்க?"

நீலாம்பாள் பழந்துணியில் சுற்றியதைக் காட்டினாள். "தம்பி இல்லடி. தங்கச்சி."

வேம்புக்கு முகம் விழுந்துவிட்டது. குரலெல்லாம் தம்பி குரலாகத்தானே இருந்தது? கேட்டதெல்லாம் தம்பிக்காகத்தானே? மூலையில் போய்க் குந்திக்கொண்டாள். மருதையன் வந்து, "அவ்வளவு பெரிய மனுசரையே வாயடைக்க வெச்சவ, இதுக்குப் போயி அழுவறியா?" என்றான். அவள் திரும்பவில்லை.

அப்போதுதான் காத்தான் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பொட்டலம் கல்கண்டு. "சுந்தரியம்மா குடுத்துட்டு வரச் சொன்னுச்சு. முந்தாநாள் தஞ்சாவூரு ஆசுபத்திரியில புள்ள பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. இன்னிக்குக் காருல அழைச்சாந்துட்டாங்க. இந்த வூட்டுச் சின்னக்குட்டிகிட்ட ஒரு சேதியும் சொல்லச் சொன்னுச்சு. காது ஒட்டினாப்புல சின்னதா இருக்காம். பாத்துட்டாங்களாம்."

வீட்டில் எல்லோரும் வேம்பைப் பார்த்தார்கள்.

வேம்பு மெல்ல எழுந்து வந்தாள். "தஞ்சாவூரு எங்க இருக்கு?"

"மேக்க."

"தண்ணி அங்க வந்துட்டுத்தான இங்க வரும்?"

"ஆமாம். மேலத்தண்ணி."

"அதான்!" என்றாள் வேம்பு. "மேல போயி மொதல்லயே புடிச்சுட்டாங்க."

அம்சம் வலியைப் பொறுத்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, இவள வெளிய தூக்கிட்டுப் போங்க, சிரிச்சா வவுறு இழுக்குது."

நீலாம்பாள் போகவில்லை. வேம்பின் பக்கத்தில் குந்தினாள். "அப்ப என்ன பண்ணலாங்கற? போயிச் சண்டை போட்டு மாத்திக்கிட்டு வந்துடுவமா? இத அங்க குடுத்துட்டு?"

வேம்பு துணியை விலக்கிப் பார்த்தாள். ஈரத்தலை. முடி நெற்றியில் புது நாற்றுப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து வந்த களைப்பில் முகமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. மெல்ல ஒரு காதைத் தொட்டாள். அது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மறு காதையும் தொட்டாள். அதுவும்தான்.

துணியை இழுத்துப் போர்த்தினாள்.

"வேண்டாம்," என்றாள். "அவன் காருல வந்தான். இவ நீந்தி வந்தா."